மேல் ஸ்லாட்டில் மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் கார்டு மேல் ஸ்லாட்டில் இருக்க வேண்டும். பெண்ணின் கார்டு கீழே. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. நாமக்கல் மாவட்டத்தின் எல்லாப் பொருத்த மையங்களிலும் அப்படித்தான் நடந்தது.

ஜாதகம் தேவைப்படாத காலம் வந்தபோது பலர் மகிழ்ந்தார்கள். அறிவியல் வென்றுவிட்டது என்று மேடைகளில் பேசினார்கள். ஒரு தலைக்கவசத்தை மாட்டி, ஒரு முற்பகல் முழுக்கக் கேள்வி கேட்டு, ஒருவரின் மனதைப் பிரதி எடுத்துவிடலாம். பிரதியை ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றலாம். ஆணின் கார்டையும் பெண்ணின் கார்டையும் ஒரே கம்ப்யூட்டரில் செருகி, இரண்டையும் ஒரு சின்னப் பாலத்தால் இணைத்தால், நாற்பது வருஷத் தாம்பத்தியம் திரையில் ஓடும். ஒரு கணத்தை அவன் கார்டு வரையும். அடுத்த கணத்தை அவள் கார்டு வரையும். விருந்தாளிகள் காபி குடித்து, முறுக்குத் தின்று, கை கழுவி வருவதற்குள் இருவருக்கும் வயதாகிவிடும்.

திரையை யாரும் பார்ப்பதில்லை. படம் அவ்வளவு வேகம். ஒலி வெறும் இரைச்சல். திரைக்குக் கீழே இரண்டு எண்கள் தெரியும். எல்லோரும் அவற்றைத்தான் பார்த்தார்கள். கார்டுகள் எவ்வளவு சுடுகின்றன என்று சொல்லும் எண்கள் அவை. கார்டு கெட்டுப்போகாமல் இருக்க அதைச் செய்தவர்கள் வைத்தவை. மக்கள் அவற்றைப் பொருத்தம் ஆக்கிக்கொண்டார்கள். பச்சை என்றால் பொருத்தம். சிவப்பு என்றால் உஷ்ண தோஷம். மாப்பிள்ளையின் எண் சிவந்தால் பெண் அவனைச் சுடுகிறாள் என்று பொருள். பெண்ணின் எண் சிவந்ததாக இதுவரை பேச்சில்லை.

மூன்று சிவப்பு வாங்கிய பெண்ணுக்குத் தணிப்பு உண்டு. முதலில் அவள் கார்டின் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். பச்சை வந்தால், பெண்ணையும் அந்த அளவுக்குக் கொண்டுவரச் சேலத்தில் ஓர் ஊசி போடுகிறார்கள். வலிக்காது. போட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், சற்று நேரம் கழித்து.

மிருதுளாவுக்கு இரண்டு சிவப்பு ஆகியிருந்தது.

அவள் கோழிப் பண்ணைகளுக்குக் காற்றோட்டம் அமைப்பவள். அடுக்குக் கூண்டுகளுக்கு நடுவே நடந்து, எந்த மூலையில் சூடு தேங்குகிறது என்று பார்த்து, மின்விசிறிக்கு இடம் குறிப்பது வேலை. குழந்தைவேலின் பண்ணைக்கும் அவள்தான் குறித்துக் கொடுத்தாள். அங்கேதான் அவர் மகன் தீரனைப் பார்த்தாள். தீரன் அதிகம் பேச மாட்டான். அவள் பேசினால் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பான். அதுவரை அவளை அப்படிக் கேட்டவர்கள் இல்லை. கேட்பது என்பது இதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"என்ன கலர் வந்தாலும் உன்கூடத்தான்" என்று அவன் சொல்லியிருந்தான். "ஊசிங்கற பேச்சே இல்ல."

முந்தைய இரண்டு மாப்பிள்ளைகளும் அப்பா பார்த்தவர்கள். சிவப்பு வந்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த முறை அப்படி விட முடியாது. இவன் அவளே பார்த்தவன்.

பொருத்தம் பார்க்க நாள் குறித்தது சித்திரையில்.

"தை மாசமே பாத்திருக்கலாங்ப்பா" என்றாள். "குளிர்ல நெறையப் பேருக்குப் பச்சை வருது. வெயில் காலத்துல வந்தா சிவப்பு."

"தை நல்ல மாசம். அதனால வருது" என்றார் அவள் அப்பா அர்த்தநாரி.

"மார்கழி அதைவிடக் குளிருமே."

"மார்கழியில யாரும்மா பொருத்தம் பாப்பாங்க?"

அர்த்தநாரி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எஞ்சின் எதனால் சுடுகிறது என்று கேட்டால் அரை நாள் பேசக்கூடியவர்.

*

பரணீதரனின் பொருத்த மையம் பரமத்தி ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. முன்பு அதே அறையில் கல்லூரிப் பையன்களுக்குக் கேம் விளையாட கம்ப்யூட்டர் வாடகைக்கு விட்டவர். இரண்டு கார்டுகளை ஒரே பெட்டியில் ஓட்டிப் பழகிய ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். இப்போது நெற்றி நிறையச் சந்தனம். எல்லோரும் ஜோசியரே என்று கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

பெட்டியைத் தேக்கில் செய்த ஒரு சின்ன மண்டபத்துக்குள் வைத்து, முன்னால் கண்ணாடிக் கதவும் போட்டிருந்தார். ஏசி விருந்தாளிகள் உட்காரும் சோபாவைப் பார்த்திருந்தது.

இரண்டு கார்டுகளும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். அதனால் இரண்டையும் பெண் வீட்டார் வாங்குவது வழக்கம். பொருந்தவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. அர்த்தநாரி மூன்றாவது ஜோடியைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தார். அவர் மனைவி முதல் இரண்டு தடவையும் வந்தாள். இந்தத் தடவை தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

"எங்க வூட்டுக் கார்டு மேலதானுங்களே?" என்று கேட்டாள் தீரனின் அம்மா மேனகா.

"மேலதானுங்க. இதையெல்லாம் கேக்கோணுமா?" என்றார் பரணீதரன்.

மேனகா தன் மகனின் கார்டைக் கையில் வாங்கி, அதிலிருந்த விசிறியின் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள்.

"விசிறி மேல வேண்டாமுங்க. சுத்தாது."

"பின்ன எங்க வெக்கறது? கால்லயா?"

அவள் தலை திரும்பியதும் பரணீதரன் கட்டை விரலால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, கார்டை மேல் ஸ்லாட்டில் அழுத்தினார். மிருதுளாவின் கார்டைக் கீழே அழுத்தினார். பாலத்தில் அர்த்தநாரி மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்தார். அது பெண்ணின் தகப்பன் செய்ய வேண்டியது.

பரணீதரனின் மனைவி சுபா காபி கொண்டுவந்தாள். மிருதுளாவுக்கு அவளைத் தெரியும். இருவரும் திருச்செங்கோட்டில் ஒரே இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர்கள். சுபா இரண்டு வருஷம் மூத்தவள். வகுப்பில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள் என்று பேர். பட்டிமன்றத்தில் அவளுக்கு எதிரணியில் உட்கார யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"சக்கரை கம்மியாப் போட்டிருக்குதாம்மா?" என்று குழந்தைவேல் கேட்டார்.

சுபா அவரைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். அவர் ஒரு வாய் குடித்து முடித்த பிறகு, "ஆமாங்க" என்றாள்.

மிருதுளா அவள் கையைத் தொட்டாள். "சுபாக்கா, என்னை ஞாபகம் இருக்குதா? உங்க கல்யாணத்துக்கும் இதுலதானே ஓட்டுனாங்க? படத்துல என்ன வந்துச்சு?"

சுபா அவளைப் பார்த்தபடி நின்றாள். கேள்வி உள்ளே எங்கோ படியிறங்கிக்கொண்டிருந்தது.

"பச்சைங்க" என்றார் பரணீதரன். "தணிப்புக்கு அப்புறம் சுத்தப் பச்சை. அதுக்கு முன்னாடி ஒரே சிவப்பு. வாய் வேற." அவர் சிரித்தார். குழந்தைவேலும் சேர்ந்து சிரித்தார். சுபா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டி ஓடத் தொடங்கியது.

திரையில் நிறங்கள் கலங்கி ஓடின. ஒரு வீடு, ஒரு தொட்டில், ஒரு கார், மழை, வெயில். கீழே இரண்டு எண்களும் பச்சையாக ஏறின. மேனகா உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். குழந்தைவேல் முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்திருந்தார். மேல் எண் மஞ்சளுக்கு வந்தது. கீழ் எண் பச்சையிலேயே நின்றது.

மேல் எண் சிவந்தது.

"ஐயோ, வேகறானே" என்றாள் மேனகா. "என்ற பையன் வேகறானே. அவளைப் பாருங்க, அலுங்காம இருக்கறா."

சூடு எல்லை தாண்டினால் மேல் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பாலத்தின் வழியாக அது கீழ்க் கார்டுக்கும் தெரியும். கீழ்க் கார்டு வேலை இல்லாமல் காத்திருக்கும். அதனால் அது இன்னும் குளிரும். படம் மெதுவாகி, சாதாரண வாழ்க்கையின் வேகத்துக்கு வந்துவிடும். இரைச்சல் பேச்சாகும். ஆனால் அந்த நேரத்தில் அறையில் எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மிருதுளா மட்டும் திரையைப் பார்த்தாள். அது அவள் திட்டமிட்டதில்லை. தன் முகம் தெரிந்ததால் பார்த்தாள்.

மூலையில் பதினோராவது வருஷம் என்று இருந்தது. ஒரு சாப்பாட்டு மேஜை. தீரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சற்றுப் பருத்திருந்தான். எதிரே நின்ற பெண் தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தீரன் தலையை லேசாகச் சாய்த்து, மென்மையாகச் சொன்னான்:

"அம்மா சொல்றாங்கள்ல, செஞ்சுடேன் மிருது. உனக்கென்ன குறைஞ்சுடப் போவுது?"

பரணீதரன் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது.

"சிவப்புங்க" என்றார்.

*

"மாமா" என்றாள் மிருதுளா. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மிணி."

"சித்திரை வெயில்ல உங்க பண்ணையில எந்தத் தட்டுக் கோழி முதல்ல சாகும்?"

"மேல்தட்டு. அதையேன் இப்பக் கேக்கற?"

"ஏனுங்க மேல்தட்டு?"

"கீழ இருக்கறதோட சூடு பூரா மேலதான ஏறும்? நீதான எனக்கே வெளக்கிச் சொன்ன." குழந்தைவேல் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ள வந்து ஃபேன் வெச்சதுல இருந்து எங்க பண்ணையில மேல்தட்டுல சாவே கொறைஞ்சு போச்சுங்க. கெட்டிக்காரப் புள்ள."

"மேல்தட்டுக் கோழி செத்தா, கீழ்த்தட்டுக் கோழிக்குத் தோஷம்னு சொல்லுவீங்களா?"

குழந்தைவேல் வாய்விட்டுச் சிரித்தார். "கோழிக்கு ஏது அம்மிணி தோஷம்?"

அவள் காத்திருந்தாள். அவர் சிரித்து முடித்தார். முகத்தில் வேறெதுவும் வரவில்லை.

"இந்தப் பெட்டியும் கூண்டுதானுங்க மாமா. கண்ணாடி போட்டு மூடுன கூண்டு. கீழ் கார்டு விடற சூட்டுக் காத்தைத்தான் மேல் கார்டு இழுக்குது. கீழ யார வெச்சாலும் மேல இருக்கறது சுடும்."

"என்ற பையனக் கோழிங்கறாளா இவ?" என்றாள் மேனகா.

"அப்படிச் சொல்லலீங்க அத்தை."

"பின்ன எப்படிச் சொன்ன?"

மிருதுளா பரணீதரனிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. பசங்க கேம் ஆடின காலத்துல இதே மாதிரி ரெண்டு கார்டு போட்டு ஓட்டியிருக்கீங்க. மேல இருக்கறது எப்பவும் அதிகமாச் சுடும்ல?"

பரணீதரன் தன் மோதிரத்தைப் பார்த்தார்.

"அது கேமுங்க" என்றார். "இது வாழ்க்கை."

"அப்ப மாத்தி வெச்சுப் பாப்போம். என் கார்டு மேல. தீரன் கீழ."

மேனகா கணவனைப் பார்த்தாள்.

"பாப்பா, விடும்மா" என்றார் அர்த்தநாரி.

"எதைங்ப்பா விடறது?"

"அது நடக்காது அம்மிணி" என்றார் குழந்தைவேல். கோபமில்லாமல் சொன்னார். பண்ணையில் ஒரு கம்பியை எங்கே கட்ட வேண்டும் என்று சொல்வதுபோல. "பையன் கார்டு கீழ இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா கடைவீதியில நான் நடக்க முடியாது. நாலு பேரு சிரிப்பாங்க."

"ஒரு தடவைதானுங்க மாமா. இந்த ரூமுக்குள்ள."

"சுவத்துக்கும் காது இருக்கும்ல?" என்று பரணீதரன் எடுத்துக் கொடுத்தார்.

தீரன் காபி டம்ளரின் அடியில் இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்ப்பது தெரிந்து தலையை உயர்த்தினான். ஆறுதலாகச் சிரித்தான். மறுபடி நுரையைப் பார்த்தான்.

மிருதுளா யோசித்தாள். இந்த மனிதர்களுக்குக் காற்று தெரியும், சூடு தெரியும். அதை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள்.

"சரிங்க" என்றாள். "என் கார்டை எடுத்துடுங்க. மேலயும் தீரன், கீழயும் தீரன். ஜோசியர்கிட்ட இதே ரகத்துல வேற கார்டு இருக்கும். அதுல தீரனைப் பிரதி எடுத்து ஓட்டட்டும். இந்தத் தடவை உள்ள நான் இருக்க மாட்டேன். அப்பவும் மேல சிவந்தா, அது நான் இல்லன்னு ஒத்துக்குவீங்களா?"

மேனகா இதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். "கீழயும் என்ற பையனா?"

"ஆமாங்க அத்தை."

"மேலயும் அவன்தான்?"

"அவனேதானுங்க."

"அதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றாள் மேனகா கணவனிடம். "அவன் மேலதான அவன் இருக்கறான்."

"வாக்குக் குடுத்தாச்சு" என்றார் குழந்தைவேல். "சிவந்தா நீ இல்ல. நான் ஒரே பேச்சுக்காரன்."

மிருதுளா இன்னொன்றும் கேட்டாள். பெட்டி முதலில் ஆற வேண்டும். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தார்கள். சுபாவை ஒரு மேஜை விசிறி கொண்டுவரச் சொன்னார்கள். எண்கள் இறங்கி, சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி காட்டிய அளவுக்கே வந்து நின்றன. அதை மேனகாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேனகா குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, "ஆறிடுச்சு" என்றாள். கண்ணாடிக் கதவை மூடினார்கள்.

பெட்டி ஓடியது. இந்த முறை எல்லோரும் திரையையும் பார்த்தார்கள். ஓடுவது அவர்கள் பையன் அல்லவா.

ஆரம்பத்தில் பார்க்க எதுவும் இல்லை. இரண்டு தீரன்களும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அவ்வளவுதான். வேகமாக ஓடும் படத்தில் வழக்கமாகத் தெரியும் கலக்கம்கூட இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சுவரின் நிறம் மங்கியது. ஜன்னலில் வெயில் வந்து போனது. ஒன்றும் செய்யாமல் இருப்பதை வரையவும் ஒரு கார்டு அதே அளவு உழைக்கத்தான் வேண்டும். மேல் எண் மஞ்சளுக்குப் போனது. பிறகு சிவந்தது.

படம் மெதுவானது.

அதே சாப்பாட்டு மேஜை. இரு பக்கமும் ஒவ்வொரு தீரன். இருவர் முன்னாலும் காலித் தட்டு. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"என்ன பண்ணலாம்?" என்றான் ஒருவன்.

"நீயே சொல்லு" என்றான் மற்றவன்.

"அம்மா வரட்டும்."

"ஆமா. அம்மா வரட்டும்."

இருவரும் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கேட்க எதுவும் இல்லை.

மேனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை ஒத்துமை பாருங்க. ஒரு சத்தம் உண்டா, ஒரு சண்டை உண்டா?" அவள் பரணீதரன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க ஜோசியரே, இதே மாதிரி ஒரு பொண்ணு கெடைக்குமுங்களா?"

"தேடுவோமுங்க" என்றார் பரணீதரன்.

*

"மாமா" என்றாள் மிருதுளா. "மேல சிவப்பு. உள்ள நான் இல்ல."

குழந்தைவேல் சிவப்பு எண்ணைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். நாணயமான மனிதர் என்று ஊரில் பேர் உள்ளவர். அந்தப் பேரும் அவரோடு சேர்ந்து எண்ணைப் பார்த்தது. பிறகு அவர் பரணீதரனைப் பார்த்தார். பரணீதரன் மேனகாவைப் பார்த்தார்.

"இவ சூடு பெட்டிக்குள்ளயே நின்னுருக்குது" என்றாள் மேனகா.

"அத்தை, பெட்டி ஆறுனதை நீங்களே கைய வெச்சுப் பாத்தீங்களே."

"மேலாப்புல ஆறியிருக்கும். உள்ளுக்குள்ள இருக்கறது கைக்குத் தெரியுமா? உன்னைப் பாத்தாக்கூடத்தான் சாதுவாத் தெரியற."

குழந்தைவேலின் முகம் தெளிந்தது. "ஏனுங்க ஜோசியரே, அப்படி நிக்குமா?"

"வாய்ப்பு இருக்குதுங்க" என்றார் பரணீதரன். "சில பேரு சூடு நிக்கும். பெட்டியச் சுத்தி பண்ணோணும். அது என்ற பொறுப்பு, விடுங்க."

"அப்ப இது இந்தப் புள்ளைக்கு மூணாவது சிவப்பு?"

"இதையும் சேத்தா நாலுங்க."

தீரனும் தீரனும் சேர்ந்து வாங்கிய சிவப்பு அவள் பேரில் ஏறியது. அதை யாரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அர்த்தநாரிகூட நாலா என்று உதட்டை அசைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது எல்லோரும் அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"நாங்க வேண்டாங்கல அம்மிணி" என்றாள் மேனகா. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிருதுளாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நல்ல புள்ள. லட்சணமான புள்ள. என்ற பையனுக்கும் புடிச்சிருக்குது. ஊசி ஒண்ணு போட்டுக்கிட்டா வைகாசியிலயே முடிச்சுடலாம். எங்க தங்கச்சி மருமக போட்டுக்கிட்டா. இப்ப எத்தனை நிம்மதியா இருக்கறா தெரியுமா? கூப்பிட்ட குரலுக்கு எந்திரிச்சு வாரா. எதுத்து ஒரு வார்த்தை கெடையாது."

"நெனைக்கறாங்களா அத்தை அவங்க? ஏதாச்சும்?"

"நெனைச்சு என்ன ஆகப்போவுது?"

குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மீசையைத் தடவினார். கடைசியில் சொன்னார்.

"ஊசிக்கு முன்னாடி ஒருக்கா பண்ணைக்கு வந்து, அந்தக் கெழக்குக் கொட்டாயில ஃபேனை மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போயிரு அம்மிணி. சித்திரை இன்னும் பாதி கெடக்குது. அப்புறம் உன்னால ஆகாது பாரு."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊசி எதை எடுத்துக்கொள்ளும் என்றும், அதில் எவ்வளவு தன் கோழிகளுக்கு வேண்டியது என்றும்.

அர்த்தநாரி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டுதல் இருந்தது. என்ன வேண்டுகிறார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மிருதுளா தன் கையை மேனகாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். எழுந்து தீரன் முன்னால் போய் நின்றாள். அவள் தோளில் பை இருந்தது. பண்ணைகளுக்கு எடுத்துப் போகும் பை. காலையில் வந்ததிலிருந்து அதை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

"நீ சொல்லு தீரா. பேச்சே இல்லன்னியே. சொல்லு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் பிரியம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. தலையை லேசாகச் சாய்த்தான்.

"அம்மா சொல்றாங்கள்ல, செஞ்சுடேன் மிருது" என்றான் மென்மையாக. "உனக்கென்ன குறைஞ்சுடப் போவுது?"

ஒரு சொல் மாறவில்லை. பெட்டி இதற்குப் பதினோரு வருஷம் கொடுத்திருந்தது.

பெட்டி தப்பு என்று காட்டத்தான் அவள் வந்திருந்தாள். சூட்டைப் பற்றி அவள் சொன்னது அத்தனையும் சரி. படம் சரியா தப்பா என்று அவளும் கேட்டிருக்கவில்லை.

"என் கார்டைக் குடுங்க" என்றாள் பரணீதரனிடம்.

"அது இங்கயே இருக்கட்டுமுங்க. வேகம் கொறைச்சு ஓட்டிப் பாக்கோணும்ல."

"குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அதைப் பையில் போட்டாள். மஞ்சள் நூல் சுற்றிய பாலத்தை மேஜையிலேயே விட்டாள்.

"எங்கம்மா கெளம்பற? அப்பா பேசிட்டு இருக்கறேன்ல?" என்றார் அர்த்தநாரி.

"பேசிட்டு வாங்க."

"பாத்தீங்கல்ல?" என்றாள் மேனகா எல்லோரையும் பார்த்து. குரலில் கோபம் இல்லை. கணக்கு சரியாக வந்த நிம்மதிதான் இருந்தது. "பாத்தீங்கல்ல சூட்டை?"

தீரன் வாசல்வரை பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

மாடிப்படி முகப்பில் செருப்புகள் கிடந்தன. மிருதுளா குனிந்து தன்னுடையதைத் தேடினாள். உள்ளே அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வயசுப் பெண், வாய் கொஞ்சம் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது என்றார். மனசில் ஒன்றும் கிடையாது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

பக்கவாட்டுக் கதவருகே சுபா நின்றிருந்தாள். கையில் கழுவாத டம்ளர்கள். வெகுநேரமாக நிற்பவள்போலத் தெரிந்தது.

"படத்துல" என்றாள் சுபா.

மிருதுளா நிமிர்ந்தாள். முதலில் புரியவில்லை. பிறகு தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

சுபாவின் உதடுகள் அடுத்த சொல்லைத் தேடின. மிருதுளா செருப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"படத்துல நான் காபி கொண்டுட்டு வந்துட்டே இருந்தேன்."

"அப்பவே பாத்தீங்களா அக்கா? ஊசிக்கு முன்னாடியே?"

சுபா அவளைப் பார்த்தாள். கேள்வி மறுபடி உள்ளே இறங்கத் தொடங்கியது. ஏதோ ஒரு படியில் அது எதையோ தொட்டிருக்க வேண்டும். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி மெல்ல ஒலித்தன.

"சுபா!" என்று உள்ளேயிருந்து பரணீதரன் கூப்பிட்டார்.

அவள் உடனே திரும்பிப் போனாள்.